ராஸ் அல் கைமாவில் முத்திரை குத்திய வாக்குச்சீட்டு

கஞ்சாவைப் பற்றிய நாற்பது கேள்வித்தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நீங்கள் எப்போதாவது வளைகுடாவில் போய் இறங்கியிருக்கிறீர்களா?

நான் இறங்கினேன். செடி இல்லை, வெறும் தாள்தான். ஆனாலும் கீழக்கரையில் இருக்கும் என் உம்மாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் செல்லாது. கிளம்புவதற்கு முதல் நாள் போனில் பிடித்துக்கொண்டார். “ஒரு கரண்டி கசகசா இருந்தாலே ஆளப் புடிச்சு உக்கார வச்சிருவாங்க. நீ கஞ்சான்னு எழுதியே எடுத்துட்டுப் போறியா? படிச்ச மூளைன்னா இதானா?”

உம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. உடனே எல்லாக் கேள்வித்தாளிலும் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு “அந்தச் செடி” என்று மாற்றி மறுபடியும் பிரிண்ட் போட்டேன். செம புத்திசாலி என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். விமானம் கடலுக்கு மேல் வந்த பிறகுதான் ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தாளின் உச்சியிலும் என் ஆய்வுத் தலைப்பு, கொட்டை எழுத்தில், முழுசாக, கஞ்சாவோடு சேர்த்து. அரை மணி நேரம் விமானத்தின் டாய்லெட்டில் நின்று நாற்பது தலைப்புகளையும் கிழித்தேன். வெளியே வரிசையில் நின்ற ஒரு அம்மா, “வயிறு சரியில்லையா மகளே?” என்று இந்தியில் கேட்டு, கைப்பையிலிருந்து ஓமம் எடுத்துக் கொடுத்தார். வாங்கி மென்றேன். வேறென்ன செய்ய?

விஷயம் இதுதான். நான் அமெரிக்காவில் அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். நான் இருக்கும் மாநிலத்தில் இந்தத் தேர்தலில் ஆள் தேர்ந்தெடுப்பதோடு ஒரு தனிக் கேள்வியும் வாக்குச்சீட்டில் இருந்தது. பெரியவர்கள் சும்மா புகைப்பதற்காகக் கஞ்சா வாங்குவதைச் சட்டபூர்வமாக்கலாமா, ஆமா இல்லையா? இந்த மாதிரிக் கேள்வி சீட்டில் இருந்தால் எப்போதும் தூங்கும் இளசுகள் எழுந்து வந்து ஓட்டுப் போடும் என்பது என் பேராசிரியரின் நம்பிக்கை. வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்களிடமும் அது பலிக்கிறதா என்று பார்த்து வா என்று என்னை அனுப்பினார். வளைகுடா என்றதும் கையைத் தூக்கிவிட்டேன். ஆய்வாவது ஒன்றாவது. நான் வளர்ந்தது பஹ்ரைனில், ஈசா டவுனில்.

ஏர்போர்ட்டுக்கு என்னைக் காரில் கொண்டுவந்து விட்டது அருண். என் ஸ்கூல் தோழி ரம்யாவின் அண்ணன். மருந்தியல் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தபோது அவன் காரில் சுண்டுவிரல் அளவு பொட்டலம் ஒன்று சிக்கியது. கேஸ். அதோடு மருந்தாளர் லைசென்ஸ் கனவு போயிற்று. இப்போது வீடு வீடாகப் பார்சல் போடுகிறான். சீட்டில் இருக்கும் அந்தக் கேள்விக்கு ஆமா ஜெயித்தால் இந்த மாதிரிச் சின்னக் கேஸ்களையெல்லாம் பதிவிலிருந்து அழித்துவிடுவார்கள். அது அந்தக் கேள்வியின் கடைசி வரியிலேயே இருக்கிறது.

ரம்யாவுக்கும் அந்த மாநிலத்தில் ஓட்டு உண்டு. அப்பா அங்கே வேலை பார்த்த காலத்தில் பிறந்தவர்கள் அண்ணனும் தங்கையும். ஆனால் அவள் இருப்பது துபாய்க்குப் பக்கத்தில், ராஸ் அல் கைமாவில்.

“அவள பாக்கப் போறியா?” என்று கேட்டான் அருண், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

“பின்ன? அவ வீட்லதான் தங்கப் போறேன்.”

“இந்த ஓட்டு பத்தி அவகிட்ட எதுவும் கேக்காத ஷிஃபா. அவளா போட்டாப் போடட்டும்.”

என் கேள்வித்தாளில் மொத்தம் ஏழு கேள்விகள். ஏழாவது: அந்தச் செடி பற்றிய கேள்விக்கு ஓட்டுப் போட்டீர்களா, போட்டால் எது? “சரி, கேக்கல” என்றேன். ஆய்வாளர் சொல்லக்கூடிய பதிலே இல்லை அது.

முதல் நாள், ஈசா டவுன். நாங்கள் இருந்த ஃபிளாட்டின் பால்கனியில் இப்போது யாரோ ஒருவரின் சைக்கிள் தொங்குகிறது. வாப்பா கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனதும் அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். கீழே இருந்த கோல்ட் ஸ்டோர் மட்டும் அப்படியே இருக்கிறது. பஹ்ரைனில் மளிகைக் கடைக்கு அதுதான் பேர். பால் வாங்கிவரச் சொன்னால் நானும் ரம்யாவும் சம்பூசா தின்றுவிட்டு பாலை மறந்து வருவோம். ஊரில் சமோசா என்று ஒன்று விற்கிறார்கள், தலையணை மாதிரி. சம்பூசா என்றால் அதில்லை. காகிதம் மாதிரி மேல்தோல், கடித்தால் நொறுங்கி சட்டையெல்லாம் சிதற வேண்டும். கடைக்காரர் மாறிவிட்டார், எண்ணெயின் வாசனை மாறவில்லை. கதவுக்கு வெளியே நின்று மூன்று தின்றேன். பழைய பையைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடப்போகிறவள் மாதிரி ஒரு நிமிடம் கால் பரபரத்தது.

ஸ்கூல் கேட் வரை போனேன். உள்ளே விடவில்லை. கம்பி வழியாக கேன்டீன் தெரிந்தது. எட்டாம் வகுப்பில் ரம்யா ஹவுஸ் கேப்டன் தேர்தலில் நின்றாள், நான்தான் அவளுடைய பிரச்சாரப் பீரங்கி. முந்தின வருடம் ஓட்டுப் போட ஆளே வரவில்லை என்று அந்த வருடம் டீச்சர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஓட்டுப் போடுகிறவர்களுக்குக் கணக்குப் பீரியட் கிடையாது, நேரே விளையாட்டு மைதானம். சொல்லணுமா? காய்ச்சலில் படுத்தவன்கூட வந்தான். வரிசை கேட் வரை. பெட்டியைத் திறந்தால் பாதிச் சீட்டு வெறும் சீட்டு. சிலதில் கார் படம் வரைந்திருந்தார்கள். ரம்யா தோற்றாள். தோற்றதற்காக அவள் அழவில்லை. கேன்டீன் பெஞ்சில் ஏறி நின்று கத்தினாள்: “புடிக்கலன்னா புடிக்கலன்னு போடுங்கடா! வெறும் சீட்டு போட்டவனுக்கெல்லாம் இன்னிலேர்ந்து வெறும் சமோசாதான், உள்ள ஒண்ணும் கெடையாது!” கேன்டீன் அண்ணன் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள்.

என் பேராசிரியர் இந்த ஸ்கூலில் படித்திருந்தால் என்னை இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கவே மாட்டார்.

இரண்டாம் நாள் பேட்டிகள். அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே உண்டு. ஒரு கரக் டீக்கடையில் வட்டமாக உட்கார்ந்தோம். “அந்தச் செடி” என்றதும் ஒருத்தன், “எந்தச் செடி, மணி பிளான்ட்டா?” என்றான். புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தான். இன்னொருத்தன் குனிந்து கிசுகிசுத்தான்: “இதுக்காகத்தான் வாழ்க்கைலயே முதல் ஓட்டு போடப் போறேன்.” சூப்பர், வாக்குச்சீட்டு வந்துவிட்டதா என்றேன். “அத வேற நம்மளே கேட்டு வாங்கணுமா?” என்றான். செடிக்காக ஓட்டு என்று துள்ளிய ஒருத்தருமே சீட்டு கேட்டு எழுதியிருக்கவில்லை. டீ மட்டும் அருமை. ஏலக்காய் தொண்டை வரை போயிற்று.

மூன்றாம் நாள் துபாய்க்குப் பறந்து, அங்கிருந்து பஸ்ஸில் ராஸ் அல் கைமா. பக்கத்து வரிசையில் சிவகங்கைப் பக்கத்து அண்ணன் ஒருவர், சிமென்ட் கம்பெனியில் வேலை, லீவு முடிந்து கேம்ப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மடியில் ஊறுகாய் டப்பா. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். ஓட்டு பற்றி என்றேன்.

“நான் ஓட்டுப் போட்டு பதினஞ்சு வருசம் ஆச்சும்மா. ஓட்டு வர்றப்ப லீவு வராது, லீவு வர்றப்ப ஓட்டு வராது. உங்க அமெரிக்காக்காரங்களுக்கு எப்படி? பிளைட் புடிச்சுப் போவணுமா?”

“இல்லண்ணே, ஈமெயில்ல சீட்டு வரும். பிரிண்ட் போட்டு, நிரப்பி, கூரியர்ல அனுப்பினாப் போதும்.”

“சீட்டு வூட்டுக்கு வருதா? அப்புறமும் போடாம இருக்காங்களா?” ஊறுகாய் டப்பாவின் மூடியை இறுக்கிக்கொண்டார்.

அவர் சொன்னதை யோசித்துக்கொண்டே இறங்கியதில் பஸ்ஸின் வயிற்றில் இருந்த என் பெட்டியை எடுக்க மறந்தேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது. கேள்வித்தாள்களும் அதற்குள்தான்; ஏதாவது ஒரு தாளில் தலைப்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால்? பஸ் டிப்போவுக்கு டாக்ஸி பிடித்து ஓடினால் பெஷாவர்க்கார டிரைவர் என் பெட்டிமேல் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். “பெட்டி உன்னுடையதா மகளே, இல்லை நீ பெட்டியுடையவளா? அதுதான் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது” என்றார் உருதுவில். இரண்டு சுளையும் கொடுத்தார்.

ரம்யா செராமிக் ஃபாக்டரி லேபில் வேலை பார்க்கிறாள். டைல்ஸ் உடைகிறதா என்று உடைத்துப் பார்ப்பதுதான் டியூட்டி. அருணுடைய கேஸ் செய்தி வந்த அன்று, பஹ்ரைனிலிருந்து இந்த ஊருக்கு மாறியிருந்த அவர்கள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ரம்யா அப்போது அமெரிக்காவில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வந்தவள், திரும்பவில்லை. அந்த வீட்டில் அருணுடைய பேரை யாரும் எடுப்பதில்லை. சாப்பாட்டு மேஜையில் ஆன்ட்டி எனக்கு மூன்றாவது தடவை வத்தக்குழம்பு ஊற்றும்போது மட்டும் மெதுவாக, “அவன் ஒல்லியா இருக்கானா?” என்று கேட்டார். அங்கிள் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ரம்யாவே ஆரம்பித்தாள்.

“நாளைக்கு கூரியர்ல போடலன்னா என் ஓட்டு போய்ச் சேராது. ஆபீஸ் பிரிண்டர்ல அந்த வார்த்தைய பிரிண்ட் எடுக்க முடியாது, வீட்டு பிரிண்டர் அப்பா ரூம்ல. டைப்பிங் சென்டர் போலாம், வர்றியா?”

எனக்குள் ஆய்வாளர் எழுந்து குதித்தார். “போலாமே” என்றேன், கொட்டாவி விடுவது மாதிரி.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குக் கடைகளை அடைப்பதற்கு முன்னால் டைப்பிங் சென்டரிலும் கூரியரிலும் வேலை முடிய வேண்டும். விசா ஃபாரம், வாடகை ஒப்பந்தம், கஃபீலுக்கு, அதாவது ஸ்பான்சருக்குக் கடிதம், எதுவானாலும் இந்த ஊரில் டைப்பிங் சென்டர் வழியாகத்தான் போகும். கடைக்காரர் என் பேரைக் கேட்டதுமே, “கீழக்கரையா? எந்தத் தெரு?” என்றார். தெருவைச் சொன்னேன். வாப்பாவின் கடையைக்கூடத் தெரிந்திருந்தது. அந்த நொடியிலிருந்து அவர் எனக்குக் காக்கா. எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஓட்டு ரகசியம் என்பதால் ரம்யா மூலை மேஜையில் உட்கார்ந்து சீட்டை நிரப்ப, நான் வெளியே போய்ப் பரோட்டாவுக்குள் சிப்ஸ் நொறுக்கிப்போட்டுச் சுருட்டித் தருவதை வாங்கித் தின்றேன். திரும்பி வந்தபோது காக்கா அவளிடமிருந்து தாள்களை வாங்கி, கவரில் போடுவதற்காக ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக ஃபாரம் பார்த்த கண்.

“கடைசிப் பக்கத்துல காலம் காலியா கெடக்கே தங்கச்சி? காலியா விட்டா ரிஜெக்ட் பண்ணிருவான். நிரப்பும்மா.”

எனக்குத் தெரியும், கடைசிப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கேள்வி.

நான் ரம்யாவைப் பார்த்தேன். அவள் கூரையில் இருந்த ஃபேனைப் பார்த்தாள். அந்த இடைவெளியில் காக்கா மேஜை டிராயரைத் திறந்தார். டக். டக். டக். ஒவ்வொரு பக்கத்திலும் உருண்டையாக நீல முத்திரை, கடைப் பேரும் லைசென்ஸ் நம்பரும் பளிச்சென்று. குறுக்கே ஒரு கையெழுத்து வேறு.

“காக்கா!” என்று அலறினேன். “அது ஓட்டுச்சீட்டு! அதுல எதுவும் குத்தக் கூடாது! செல்லாமப் போயிரும்!”

அவருக்கு மனசு நொந்துபோயிற்று. “ஸ்டாம்ப் இல்லாத பேப்பர எந்த ஆபீஸ்ல புள்ள மதிப்பான்? நல்லதுக்குத்தானே குத்துனேன்?” என்றவர், எதற்குத்தான் முத்திரை குத்தினோம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். உதடு நின்றது. “யா அல்லாஹ். இதுலயா என் லைசென்ஸ் நம்பர் கெடக்கு?”

அப்புறம் அவர் செய்ததையெல்லாம் வேகமாகத்தான் சொல்ல வேண்டும். முத்திரை விழுந்த தாள்களைத் தன் கையாலேயே கடுகு அளவுக்குக் கிழித்தார். கதவில் “மூடியிருக்கிறது” பலகையைத் திருப்பினார். “இன்னொரு தடவ பிரிண்ட் போடுறேன், ஊர்க்காரப் புள்ளன்னுதான். எடுத்துட்டு யல்லா, கெளம்பிருங்க. எழுதுறத கார்ல வச்சு எழுதுங்க.” பிரிண்டர் கக்கி முடித்ததும் கம்ப்யூட்டரிலிருந்து கோப்பை அழித்தார், குப்பைத்தொட்டியைக் காலி செய்தார், காலியான குப்பைத்தொட்டியை மறுபடியும் காலி செய்தார். “கலாஸ், முடிஞ்சுபோச்சு” என்றார், எங்களிடம் இல்லை, கம்ப்யூட்டரிடம்.

காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். தாள் ரம்யாவின் மடியில்.

“கேளு” என்றாள். “கேக்கணும்னு துடிக்கிற இல்ல? கேளு.”

“கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“யார்கிட்ட?” என்றாள். நான் ஏசிக் குமிழைத் திருகினேன். அதுவே பதிலாகப் போய்விட்டது.

“ஓ. அண்ணன் நல்லவனாயிட்டானா? ஒரு வட்டத்த நான் நிரப்பினா அவன் கேஸ் அழிஞ்சிடும். என் செகண்ட் இயர யாரு திருப்பித் தருவா? அதுக்கும் ஒரு கேள்வி சீட்டுல போடச் சொல்லேன், ஓடி வந்து ஓட்டுப் போடறேன்.”

“அப்ப இல்லன்னு போடுடீ. தாராளமா போடு.”

“இல்லன்னும் போட முடியல.” சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை நகத்தால் கீறினாள். தூரத்தில் குவாரி மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வாய்தான் உண்டு. “எட்டாங்கிளாஸ்ல பெஞ்சு மேல ஏறி என்னடீ கத்துன? இன்னிக்கு உனக்கும் வெறும் சமோசாதான். உள்ள ஒண்ணும் கெடையாது.”

அவள் திரும்பி என்னை முறைத்தாள். முறைப்பு நடுவிலேயே உடைந்து சிரிப்பாகி, சிரிப்பு கண்ணுக்கு ஏறிவிட்டது. “சனியனே. அத இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா?”

“கார் படம் வரைஞ்சவன் பேரு உட்பட.”

மூக்கை உறிஞ்சினாள். கையை நீட்டினாள். “பேனா குடு. நீ எறங்கு.”

இறங்கினேன். வெயிலில் நின்று கடைகளை எண்ணினேன். ஒரு சலூன், ஒரு துணிக்கடை, இரண்டு கஃபெட்டேரியா. பத்து நிமிடம் கழித்து ஜன்னல் இறங்கியது.

“கடைசிப் பக்கத்துல இங்க் கொஞ்சம் பரவிடுச்சு. பரவாயில்லையா?”

“வட்டத்த தாண்டிப் போச்சா?”

“இல்ல.”

“அப்ப பரவாயில்ல.”

கவரை அவளே ஒட்டினாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கூரியர் கவுன்ட்டரில் கொடுத்தோம். அங்கிருந்த மலையாளிச் சேட்டன், உள்ளே என்ன என்று கேட்டார். “பேப்பர்” என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். திரும்பும் வழியில் ரம்யா ஒரு கடை முன்னால் காரை நிறுத்தி ஆறு சம்பூசா வாங்கினாள். முதலாவதைப் பிட்டு உள்ளே உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று என் மூக்குக்கு முன்னால் காட்டிவிட்டுத்தான் தின்றாள்.

மறுநாள் நான் கிளம்பும்போது, நான் கேட்காமலே நிரப்பிய கேள்வித்தாள் ஒன்றை என் கைப்பைக்குள் அவளே செருகினாள். நான் அங்கே பிரித்துப் பார்க்கவில்லை. விமானத்தில்தான் பார்த்தேன்.

இன்றைக்கு இதை டைப் செய்யும் நேரத்தில் ரம்யாவின் சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்று தேர்தல் அலுவலகத்தின் இணையப் பக்கம் சொல்கிறது. எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கிறது. முடிவு தெரிய அருண் என் வாசலில் காரில் காத்திருக்கிறான், ரம்யா என்ன போட்டாள் என்று மட்டும் கேட்கவில்லை. ரம்யாவின் கேள்வித்தாளில் ஆறு கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. ஏழாவது காலி.